மைதீன் அண்ணாச்சிக்குக் கேட்காத இசைத்தட்டு

மைதீன் அண்ணாச்சியின் மகள் ஷமீமா போன் செய்தபோது நான் கழுகுமலையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். டிரைவர் பாட்டை உரக்க வைத்திருந்தார். "அத்தை, வாப்பா போயிட்டாவ" என்றாள். எனக்குப் பிடிபடவில்லை. "எங்க போயிருக்காவ?" என்று கேட்டேன். மறுமுனையில் விசும்பல்தான் வந்தது. ஜன்னலுக்கு வெளியே உளுந்து எடுத்து முடித்த கரிசல் வெறுமையாகக் கிடந்தது. கோவில்பட்டி வந்து சேரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

காஜா மைதீன் அண்ணாச்சி காலையில் கடைக்குக் கிளம்பியிருக்கிறார். சட்டையில் ஒரு கையை நுழைத்தவர், களைப்பாக வருகிறது என்று கட்டிலில் உட்கார்ந்தாராம். பிறகு எழுந்திருக்கவில்லை. மாலைத் தொழுகைக்கு முன்பே அடக்கம் முடிந்துவிட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போன பிறகு, பெண்களோடு அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பஜாரே திரண்டு வந்திருந்தது. சாயம் போன சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தாலும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பார் என்றார்கள். பெருநாளைக்கும் பொங்கலுக்கும் ஒரே மாதிரி கடையை அலங்கரிப்பார் என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவர் வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு இசையைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. துக்க வீட்டில் சொல்லத்தக்க விஷயமாக அது அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு அதைச் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்த காலம். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒருநாள் பஜாரிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் சென்னைக்கு லைன் கேட்டிருந்தார். போட்டுக் கொடுத்தேன். சற்று நேரம் கழித்து லைன் சரியாக இருக்கிறதா என்று காது கொடுத்தால் பேச்சே இல்லை. கடகடவென்று ஏதோ உருள்கிற சத்தம்.

"கோவில்பட்டி, பேசுதீங்களா இல்லையா? லைன்ல ஒரே இரைச்சலா வருது" என்றேன்.

"வெட்டிராதீங்கம்மா! இரைச்சல் இல்ல, பியானோ!" என்று ஒரு குரல் பதறியது.

"ஆபரேட்டர், கொஞ்சம் சும்மா இருங்க. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றது சென்னைக் குரல்.

மூன்று நிமிடம் முடிந்ததும் நீட்டிக்கவா என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஆமா" என்றார்கள்.

மறுநாள் மதியம் அந்தக் கடைக்காரர், மைதீன் அண்ணாச்சி, நிலையத்து வாசலில் வந்து நின்றார். ஒல்லியான, வெள்ளைச் சட்டை போட்ட மனிதர். நேற்று லைன் போட்டது யார் என்று விசாரித்து என்னை வெளியே கூப்பிட்டார். புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"பேரு தெரிஞ்சிட்டு, தங்கச்சி" என்றார்.

ரஷ்யப் புத்தகங்கள் விற்க வரும் வேன் ஒன்றில், நேற்று லைனில் கேட்ட அந்த இசைத்தட்டை வாங்கியிருந்தார். அட்டை முழுக்க ரஷ்ய எழுத்து. விற்றவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. வீட்டில் போட்டுப் பார்த்தவர் அன்று சாப்பிடவே மறந்துவிட்டாராம். யார் எழுதியது, யார் வாசித்தது, இதற்கு என்ன பெயர் என்று எதுவும் தெரியாமல் நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். துணி எடுக்க வந்த ஒரு பாதிரியாரிடம் சென்னையில் பியானோ கற்றுக்கொடுக்கும் ஒருவரின் எண்ணை வாங்கி, கல்லாப்பெட்டிக்கு அருகில் ரெக்கார்டு பிளேயரை வைத்து, ரிசீவரை அதன்மேல் பிடித்திருக்கிறார். பியானோவும் பெரிய இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட இசை அது, கான்செர்ட்டோ என்பார்கள், மூன்று பகுதிகள் உண்டு என்று சென்னைக்காரர் சொல்லியிருந்தார். எழுதியவரின் பெயரையும் சொல்லியிருந்தார். அண்ணாச்சி அந்தப் பெயரை என்னிடம் சொன்னார். அடுத்த முறை வேறு மாதிரி சொன்னார். கடைசிவரை "நம்ம ரஷ்யாக்காரர்" என்றுதான் அவருக்குச் சொல்ல வந்தது.

"இதை ஏன் என்கிட்ட சொல்லுதீங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"வேற யாருகிட்ட போயிச் சொல்ல? நேத்து நீங்கதான லைன்ல கூட இருந்தீங்க" என்றார்.

பிறகு அந்தக் கடையில்தான் எனக்குத் துணி. ரவிக்கைத் துணிக்குப் பொருத்தம் தேடும்போது மாடியிலிருந்து பியானோ கேட்கும். துணி மூட்டைகள் அடுக்கிய மாடி அறைக்கு அதற்குள் பிளேயரை மாற்றியிருந்தார். சத்தம் எதிரொலிக்காமல் கேட்க அதைவிட நல்ல இடம் கோவில்பட்டியில் கிடையாது என்பார். நான் படியேறிப் போய்க் கேட்டதில்லை. எனக்கு அதில் விருப்பமும் இல்லை. அவரும் வற்புறுத்தியதில்லை.

வற்புறுத்தாமல் இருக்க அவர் கற்றுக்கொண்ட கதையை அவருடைய மனைவி உயிரோடிருந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார். கடை தொடங்கிய ஆண்டுநிறைவுக்குப் பஜார் நண்பர்களை வீட்டுக்கு அழைத்திருக்கிறார். பிரியாணி முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்துத் தட்டைப் போட்டிருக்கிறார். வந்தவர்கள் மரியாதைக்காரர்கள். முதல் பகுதி முடியும்வரை அசையாமல் இருந்தார்கள். முள்ளைத் தூக்கித் தட்டைத் திருப்பிப் போடுகிற அந்தச் சிறு இடைவெளியில், ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் பருத்தி விலை கேட்டுவிட்டார். பிறகு பேச்சு பருத்தியிலேயே போய்விட்டது. அண்ணாச்சி பிளேயரை மூடி உள்ளே எடுத்துக்கொண்டு போனாராம். அன்றைக்கு மனைவியிடம் சொன்னாராம்: "அவியளுக்குப் பிடிக்கலைன்னா அது அவிய குத்தம் இல்ல. எனக்குப் பிடிச்சதும் என் குத்தம் இல்ல." அதற்குப் பிறகு அவர் யாரையும் கேட்கச் சொல்லி அழைத்ததில்லை.

மனைவி போன பிறகு அவர் கடை மாடியிலேயே அதிக நேரம் இருந்தார். ஷமீமா கல்யாணமாகித் திருநெல்வேலியில் மருந்துக்கடை நடத்துகிறாள், ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஓய்வுபெற்ற பிறகு என் வீட்டில் நானும் ஒரு தொலைக்காட்சியும்தான். துணி எடுக்கத் தேவையில்லாத நாள்களிலும் கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன்.

அப்படிப் போன ஒருநாள் அண்ணாச்சி சோர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"தட்டு செத்துப்போச்சு தங்கச்சி" என்றார். "மேல உள்ள சுரமெல்லாம் தேஞ்சிட்டு. அவரு கை மேல போகுது, சத்தம் வரமாட்டேங்குது. எத்தனை வருசம் முள்ளு வச்சித் தேச்சிருக்கேன், பின்ன எப்படி இருக்கும்?"

ஷமீமாவிடமும் இதையே சொல்லியிருக்கிறார். அவள் இணையத்தில் தேடினாள். அதே பதிவை, அதே பியானோக்காரர் வாசித்ததை, வெளிநாட்டில் ஒரு சிறு நிறுவனம் மீண்டும் தட்டாக வெளியிட்டிருந்தது. பழைய தட்டுகளிலிருந்து நகல் எடுக்காமல் அந்தக் காலத்து மூல ஒலிநாடாவையே தேடி எடுத்து, அதிலிருந்து புதிதாகச் செதுக்கியது என்று போட்டிருந்தார்கள். அண்ணாச்சி சரி என்று சொல்வதற்கு முன்பே அவள் வாங்கிவிட்டாள்.

தட்டு வருகிறவரை அவர் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தார். பிளேயருக்குப் புது முள் வாங்கினார். கடையிலிருந்த துணிகளில் எது தூசி விடாது என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்து, மெல்லிய மல் துணியில் ஒரு துண்டு வெட்டி வைத்தார். கூரியர் வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கும் சொல்லி அனுப்பினார். நானும் ஷமீமாவும் மாடியில் நிற்க, கத்தரிக்கோலால் ஓரத்தை மட்டும் வெட்டி அட்டைப்பெட்டியைப் பிரித்தார். பழைய அட்டையில் வெறும் எழுத்துதான் இருந்தது. இதில் பியானோக்காரரின் புகைப்படம் இருந்தது. இத்தனை வருடம் கேட்டவரின் முகத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

"இவரா!" என்று சிரித்தார். "மில்லுல பஞ்சு பேல் தூக்குத ஆளு மாதிரில்ல இருக்காரு!"

தட்டு கனமாக, வளைவே இல்லாமல், எண்ணெய் தடவியதுபோல் கறுத்து மின்னியது. இரண்டு உள்ளங்கைகளாலும் ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கி வைத்தார். முள் இறங்கியது. நான் அந்த அறையில் நின்று அந்த இசையைக் கேட்டது அதுதான் முதல்முறை. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஏதோ பெரிய கதவு திறந்துகொண்டது போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் பியானோ மட்டும் தனியே மேலே மேலே ஏறியது, கண்ணாடி வளையல்களைப் போல அவ்வளவு சுத்தமாக.

அண்ணாச்சி குனிந்து முள்ளைப் பார்த்தார். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போனார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்ப மேல போகணுமே. போகுதா?"

"போகுது அண்ணாச்சி."

"நல்லாக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது."

மகளைப் பார்த்தார். அவளும் தலையாட்டினாள். அவர் முள்ளைத் தூக்கிவிட்டு, பழைய தட்டை எடுத்து வைத்தார். அதில் கரகரப்பு இருந்தது. ஆனால் அந்த உச்சிச் சுரங்கள் அதிலும் தெளிவாகவே இருந்தன. "இதுலயும் போகுதா?" என்றார். ஷமீமா "வாப்பா…" என்று அவர் கையைப் பிடித்தாள்.

"அப்ப தட்டுல குத்தமில்ல" என்றார்.

கடைப்பெண்கள் முணுமுணுக்கிறார்கள் என்று அவர் கோபித்துக்கொண்டதும், போனில் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னதும் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன. காதுகள் எப்போதோ விடைபெறத் தொடங்கியிருக்கின்றன. அது தெரியாமல் அவர் தட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அத்தனை ஆசைப்பட்டு வாங்கிய தட்டு கடைசியில் அதைத்தான் அவருக்குத் தெரிவித்தது.

திருநெல்வேலியில் டாக்டரிடம் காட்டினார்கள். காதில் மாட்டிக்கொள்ளும் மிஷின் கொடுத்தார்கள். வியாபாரத்துக்கு அது உதவியது. இசைக்கு உதவவில்லை. "எவர்சில்வர் கடைக்குள்ள எலி ஓடுன மாதிரி இருக்கு" என்று கழற்றி வைத்துவிட்டார். மாடிக்கு ஏறுவதையும் நிறுத்திக்கொண்டார். புதுத் தட்டு உறைக்குள் கிடந்தது. அந்த நாள்களில் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

பல வாரங்கள் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து கடை திறந்த நேரம், கூட்டமில்லை. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

"தங்கச்சி, ஒரு உதவி செய்யுதீங்களா?" என்றார். "நீங்க காதால சம்பளம் வாங்குனவிய. மேல வந்து அந்தத் தட்டைக் கேட்டு, என்ன நடக்குதுன்னு எனக்குச் சொல்லுங்க."

அவர் ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கீழ்ச்சுரங்கள் அவருக்கு இன்னும் கேட்டன, மீதி கையில் அதிர்வாக வரும். மேலே உள்ளதைத்தான் நான் சொல்ல வேண்டும். "நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

"நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க. அது எனக்கே தெரியும். லைன்ல யாரு இருக்கா, யாரு போயிட்டா, அதைச் சொல்லுங்க."

அப்படிக் கேட்டதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. "எல்லாரும் நிறுத்திட்டாங்க. பியானோ ஒண்டியா நிக்குது" என்று அவர் காதருகே உரக்கச் சொன்னேன். "இப்ப புல்லாங்குழல் மாதிரி ஒண்ணு வருது. அது சொன்னதையே பியானோ திருப்பிச் சொல்லுது, ஆனா அவசரமில்லாம." அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். நான் எங்காவது விட்டுவிட்டால் திருத்துவார். அவருக்கு அது முழுக்க மனப்பாடம். அவருக்கு வேண்டியிருந்தது செய்தி அல்ல, உடன் ஓர் ஆள் என்று பின்னால்தான் உணர்ந்தேன். பிறகு வெள்ளிக்கிழமை தோறும் போனேன்.

ஊர் சும்மா இருக்குமா? கழுகுமலைக்கு விஷயம் போய், அண்ணன் வந்துவிட்டார். "ஏட்டி கோமதி, பாய் கடை மாடியில உனக்கு என்ன வேலை? இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்றார்.

"இந்த வயசுலதான் அண்ணே தேவை" என்றேன். அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை, மெதுவாக நகரும் இரண்டாம் பகுதி தொடங்கும் முன்பு வரும் அமைதியில் எனக்கு ஏதோ கேட்டது. பக்கத்திலிருப்பவரிடமிருந்து வருவது போல, அவ்வளவு அருகில். திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தேன். அது அவரிடமிருந்து வரவில்லை.

"அண்ணாச்சி, யாரோ மூச்சு விடுதாங்க" என்றேன்.

"என்னது?"

"வாசிக்க ஆரம்பிக்கதுக்கு முந்தி, மூச்சை நல்லா இழுத்து விடுதாரு. பிறகுதான் கை விழுது."

அவர் மறுபடி முள்ளை வைக்கச் சொன்னார். வைத்தேன். இருந்தது. பழைய தட்டிலும் வைத்துப் பார்த்தோம். அதன் கரகரப்பில் எனக்கு எதுவும் தெரியவில்லை. மூல நாடாவில் மட்டும் பதிந்து, இந்தப் புதுத் தட்டில்தான் அது வெளியே வந்திருக்கிறது.

நான் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. அவர் தன் கையால் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்.

"அவரு மூச்சா?" என்றார். "இத்தனை வருசமும் பக்கத்துலதான் இருந்திருக்காரு, தங்கச்சி. நான்தான் ஒத்தையில கேட்டுக்கிட்டு இருக்கேன்னு நினைச்சிட்டேன்."

அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

கடைசி மாதங்களில் கீழ்ச்சுரங்களும் போய்விட்டன. நான் கத்திச் சொன்னாலும் பாதிதான் எட்டியது. இனி வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையும் படியேறி வந்தார், கைப்பிடியைப் பற்றி நின்று நின்று. நான் வாயைத் திறந்தபோது கையமர்த்தினார்.

"சொல்ல வேண்டாம். நீங்க கேளுங்க. நான் உங்க முகத்தைப் பாத்துக்கிடுதேன்."

ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க இசை கேட்பது எவ்வளவு கூச்சமான காரியம்! முதலில் தரையைப் பார்த்தேன். பிறகு இசை என்னை இழுத்துக்கொண்டது. பகுதி முடிந்து நிமிர்ந்தபோது அவர் எந்த இடத்தில் என்ன வந்தது என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. "உங்க முகத்துலயே ஓடுது" என்று சிரித்தார். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவர் இல்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்த பிறகு ஷமீமா பிளேயரையும் தட்டையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தாள். "எங்க வீட்டுல பிள்ளைய இருக்கதுக்கு இது தாங்காது. உங்ககிட்ட இருக்கட்டும் அத்தை" என்றாள். பிறகு தயங்கி, "நான் இதை ஒருநாளும் முழுசாக் கேட்டதே இல்ல. இப்பக் கேப்போமா?" என்றாள்.

போட்டேன். இருவரும் என் வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தோம். துணி மூட்டைகள் இல்லாத அறை, சத்தம் சுவரில் பட்டுக் கொஞ்சம் சிதறியது. இசைக்குழு ஓய்ந்து பியானோ மட்டும் ஏறத் தொடங்கியபோது, என்னை அறியாமலே முன்னால் சாய்ந்து, "இப்ப எல்லாரும் நிறுத்திட்டாங்க, மேல போகுது, மேல போகுது" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஷமீமா என் முழங்காலில் கை வைத்தாள்.

"எனக்குக் கேக்குது அத்தை" என்றாள், மிக மெதுவாக.

வாயை மூடிக்கொண்டேன். துக்க வீட்டிலும், பாத்திஹாவிலும், பூட்டிய கடையைக் கடந்து போகும்போதும் வராத அழுகை அப்போது வந்தது. சொல்லித்தர வேண்டிய அவசியம் இல்லாத ஒரு பெண் எதிரில் இருந்தாள். சொன்னால்தான் கேட்கும் என்றிருந்த மனிதர் போய்விட்டார்.

அவள் அன்று மாலையே ஊருக்குத் திரும்பிவிட்டாள். தட்டு என்னிடம் இருக்கிறது. ஆனால் அண்ணாச்சியிடமிருந்து நான் பெற்று வைத்திருப்பது அது அல்ல. எனக்குக் கேட்பதை இன்னொருவருக்குக் கேட்கும்படி சொல்கிற பழக்கம்தான். வெள்ளிக்கிழமைகளில், வீட்டில் யாரும் இல்லாதபோது, நான் அதைச் சத்தமாகவே சொல்கிறேன்.